லெண்டிகுலர் அச்சும் கடை விளம்பரமும்: யாங்கோனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாங்கோனில், சாய்த்தால் படம் மாறும் லெண்டிகுலர் அட்டைகளுக்கும் பலகைகளுக்கும் அச்சு ஆர்டர் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். நகைக்கடை, இனிப்புக்கடை, கோயில் கமிட்டி, மருந்துக்கடை என்று யார் வந்தாலும், மாதிரி அட்டையைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்ததும் ஒரே மாதிரியான சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒருமுறை படித்துவிட்டால் பணமும் நேரமும் மிஞ்சும்.

ஆட்டினா படம் மாறுதே, உள்ளே என்னதான் இருக்கு?

மேலே தடவிப் பாருங்கள், நகத்தில் கோடு கோடாக இடறும். அந்தக் கோடு ஒவ்வொன்றும் ஒரு நீளமான குட்டி லென்ஸ். தெளிவான பிளாஸ்டிக் தகட்டின் ஒரு பக்கம் முழுக்க இந்த லென்ஸ்கள் வரிசையாக இருக்கும். மறுபக்கம் வழவழப்பாக இருக்கும், அச்சு அங்கேதான் விழுகிறது.

இரண்டு படம் என்றால், இரண்டையும் மெல்லிய கீற்றுகளாக வெட்டி மாற்றி மாற்றி அடுக்கிவிடுகிறோம். இதைக் கம்ப்யூட்டர் செய்துவிடும். ஒவ்வொரு லென்ஸுக்கும் கீழே முதல் படத்தின் கீற்று ஒன்று, இரண்டாம் படத்தின் கீற்று ஒன்று. நீங்கள் ஒரு கோணத்தில் பார்க்கும்போது எல்லா லென்ஸும் முதல் படத்தின் கீற்றை மட்டும் பெரிதாக்கிக் காட்டும். கோணம் மாறினால் அடுத்த கீற்று. மூளை அவற்றைச் சேர்த்து முழுப் படமாகப் பார்க்கிறது. பேட்டரி இல்லை, கரண்ட் இல்லை. வெளிச்சமும் கோணமும் இருந்தால் போதும்.

இதுவும் ஹோலோகிராமும் ஒண்ணுதானே?

இல்லை. ஹோலோகிராமில் லேசர் ஒளி அலைகள் ஒன்றோடொன்று மோதி உண்டாக்கும் நுண்ணிய வடிவம் பதிவாகிறது. அதைக் கண்டுபிடித்த டெனிஸ் கபோருக்கு 1971-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. வானவில் நிறத்தில் மின்னும் வெள்ளி ஸ்டிக்கர்தான் நாம் சாதாரணமாகப் பார்க்கும் ஹோலோகிராம். லெண்டிகுலரில் சாதாரண நான்கு நிற அச்சும் ஒரு லென்ஸ் தகடும்தான். அதனால்தான் இதில் முகத்தின் நிறம், பட்டுச் சேலையின் நிறம் எல்லாம் இயல்பாக வரும்.

இது இப்பதான் வந்த டெக்னிக்கா?

ரொம்பப் பழையது. 1692-லேயே கஸ்பார் புவா-கிளேர் என்ற பிரெஞ்சு ஓவியர், இடப்பக்கம் நின்றால் ஒரு முகமும் வலப்பக்கம் நின்றால் இன்னொரு முகமும் தெரியும்படி மடிப்புச் சட்டங்களில் வரைந்தார். அதில் லென்ஸ் கிடையாது, யோசனை மட்டும் இதேதான். 1908-இல் கப்ரியேல் லிப்மன் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் குட்டி லென்ஸ்களை வைத்து ஆழம் தெரியும் படம் எடுக்கலாம் என்று எழுதினார்.

விளம்பரத்துக்குள் இது பெரிய அளவில் வந்தது அமெரிக்காவில். 1952 அதிபர் தேர்தலில் ஐசன்ஹோவருக்காக ஆட்டினால் மாறும் சட்டை பேட்ஜ் வந்தது. ஒரு கோணத்தில் வாசகம், இன்னொரு கோணத்தில் அவர் முகம். 1964 பிப்ரவரியில் 'லுக்' என்ற இருவார இதழ் எடிசன் சிலையின் 3டி படத்தை ஒவ்வொரு பிரதியிலும் வைத்து விற்றது. அது லட்சக்கணக்கில் விற்ற இதழ் என்பதை நினைத்துப் பாருங்கள். இமயமலை நாடான பூட்டான் 1967-இல் இதே முறையில் தபால்தலையே வெளியிட்டது. ஆக, தொழில்நுட்பம் சோதித்துத் தேறியது. கெட்டுப்போகிற வேலைகளெல்லாம் திட்டமிடுவதில்தான் கெடுகின்றன.

என்னென்ன வித்தை காட்டலாம்?

ஒன்று மறைந்து இன்னொன்று வருவது, அசைவது, ஒரு உருவம் மெல்ல இன்னொன்றாக மாறுவது, பெரிதாகிக்கொண்டே வருவது, ஆழம் தெரிவது. இவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒரே அட்டையில் கேட்பவர்கள் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அது நன்றாக வரும்.

எங்க கடைக்கு இது நிஜமாவே பிரயோசனப்படுமா? சும்மா அழகுக்கா?

நான் எல்லாரிடமும் திருப்பிக் கேட்கும் கேள்வி இது: உங்கள் பொருளில் ஏதாவது மாறுகிறதா? மூடிய நகைப்பெட்டி திறக்கிறது. அழுக்குத் துணி வெளுக்கிறது. உடைந்த பல் சரியாகிறது. வெறும் சட்டம் மூக்குக்கண்ணாடியாகி, மங்கலான எழுத்து தெளிவாகிறது. இப்படி முன்னும் பின்னும் உள்ள பொருளுக்கு லெண்டிகுலர் போல வேறொன்று இல்லை. பார்ப்பவரே கையால் அந்த மாற்றத்தை உண்டாக்குகிறார், அதனால் மனதில் நிற்கிறது. அப்படி எதுவும் மாறாமல் கடைப்பெயரும் போன் நம்பரும் மட்டும் இருந்தால் சாதாரண அட்டையே போதும் என்று நேராகச் சொல்லிவிடுவேன்.

நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. கரண்ட் போனால் எல்இடி பலகை கறுத்துவிடுகிறது, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி விளம்பரம் ஓட்ட எல்லாருக்கும் கட்டாது. ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் நிற்கும் லெண்டிகுலர் பலகை, கரண்ட் இல்லாமலே ஆள் நடக்க நடக்க அசைந்துகொண்டிருக்கும்.

75 எல்பிஐ, 100 எல்பிஐ, 20 எல்பிஐ என்கிறார்களே, நான் எதைச் சொல்றது?

ஓர் அங்குலத்தில் எத்தனை லென்ஸ் என்பதுதான் எல்பிஐ. எண் கூடக் கூட லென்ஸ் சிறியது, தகடும் மெல்லியது. 75 என்றால் ஒரு லென்ஸின் அகலம் ஏறக்குறைய 0.34 மில்லிமீட்டர், தகடு அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 100 என்றால் தகடு சுமார் 0.35 மில்லிமீட்டர். விசிட்டிங் கார்டு, புக்மார்க், காலண்டர் அட்டைக்கு இவை. 40, 30, 20 என்று இறங்க இறங்கத் தகடு கெட்டியாகி, எட்ட நின்று பார்க்கும் போஸ்டருக்குப் போகும். 20 எல்பிஐ தகட்டைக் கையில் பிடித்துப் பார்த்தால் கோடுகள்தான் கண்ணில் அடிக்கும்.

எண்ணைச் சொல்ல வேண்டியது நீங்கள் அல்ல, அச்சகம்தான். நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே: பார்ப்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்பார், அவர் அசைவாரா, அட்டை அசையுமா?

லென்ஸ் கோடு நிமிர்ந்திருக்கணுமா, படுத்திருக்கணுமா?

முடிவு செய்ய வேண்டியவற்றில் முக்கியமானது இதுதான், இதைத்தான் பலரும் கடைசியில் யோசிக்கிறார்கள். கையில் பிடித்து ஆட்டும் அட்டைக்குக் கோடு படுக்கையாக இருக்க வேண்டும். அட்டையை மேலும் கீழும் சாய்த்தால் இரண்டு கண்ணும் ஒரே சமயத்தில் ஒரே படத்தைப் பார்க்கும். கோடு நிமிர்ந்திருந்தால் சிக்கல். நம் கண்களுக்கு இடையே சுமார் ஆறரை சென்டிமீட்டர். ஒரு முழம் தூரத்தில் கூட வலக்கண்ணும் இடக்கண்ணும் ஏழெட்டு டிகிரிக்கு மேல் கோணம் மாறிப் பார்க்கின்றன, கிட்டத்தில் இன்னும் அதிகம். ஒரு கண்ணுக்கு ஒரு படம், மறு கண்ணுக்கு வேறு படம் என்றால் கண் உளையும்.

ஆனால் 3டி ஆழத்துக்கு அந்த வித்தியாசம்தான் வேண்டும், ஆகவே அதற்குக் கோடு கட்டாயம் நிமிர்ந்திருக்க வேண்டும். நடந்து போகிறவர்கள் பார்க்கும் சுவர்ப் பலகைக்கும் நிமிர்ந்த கோடுதான். எட்ட இருப்பதால் கண்களின் இடைவெளி அங்கே பெரிதாகத் தொந்தரவு செய்யாது. ஒரு கணக்கு: லென்ஸின் பார்வைக் கோணம் 48 டிகிரி என்று வையுங்கள். பலகையிலிருந்து 3 மீட்டர் தள்ளி நடப்பவர் சுமார் 2.7 மீட்டர் நடப்பதற்குள் முழுச் சுற்றும் பார்த்துவிடுவார், இரண்டு படம் என்றால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எட்டு. அதற்குள் படிக்கக்கூடிய வாசகம்தான் எழுத வேண்டும். அநவ்ரதா சாலையில் பஸ்ஸில் போகிறவருக்கு இது எடுபடாது. நடைபாதை, மார்க்கெட் வாசல், படிக்கட்டு, லிஃப்ட் அருகே எடுபடும்.

கோட்டின் திசையையே கருத்தாக்கிய ஒரு விளம்பரத்தைச் சொல்ல வேண்டும். 2013-இல் ஸ்பெயினில் குழந்தைகள் பாதுகாப்புக்கான அனார் அறக்கட்டளை தெருவில் ஒரு போஸ்டர் வைத்தது. படுக்கைக் கோடு என்பதால் பார்ப்பவரின் உயரத்துக்கு ஏற்ப படம் மாறும். பெரியவர்களுக்கு ஒரு சிறுவனின் முகமும் பொதுவான ஒரு எச்சரிக்கையும் தெரிந்தன. சுமார் 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தைகளுக்கு, அதே முகத்தில் காயமும், உதவிக்கு அழைக்க வேண்டிய 116 111 என்ற எண்ணும் தெரிந்தன. அடிக்கிறவர் பக்கத்திலேயே நின்றாலும் குழந்தைக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பது யோசனை. பார்ப்பவர் யார், கண் எந்த உயரத்தில் என்று முதலில் யோசித்த வேலை அது. இந்தத் துறையில் எனக்குத் தெரிந்தவற்றில் மிகச் சிறந்தது.

ஒரு படத்துல இன்னொரு படம் நிழலா நிக்குதே, அச்சுத் தப்பா?

எப்போதும் அச்சுத் தப்பு இல்லை. எந்த லென்ஸும் பக்கத்துக் கீற்றைக் கொஞ்சமும் சிந்தாமல் காட்டாது. முதல் படத்தில் வெள்ளைப் பின்னணி, இரண்டாவதில் அதே இடத்தில் கறுப்பு எழுத்து என்றால், வெள்ளையில் எழுத்தின் நிழல் தெரிந்தே தீரும். வடிவமைப்பில்தான் இதற்கு வைத்தியம்.

இரண்டு படத்துக்கும் ஒரே பின்னணி வையுங்கள். வெறும் வெள்ளையும் அடர் கறுப்பும் வேண்டாம், நடுத்தர நிறங்களும் கொஞ்சம் நிறைந்த வேலைப்பாடும் நிழலை மறைத்துவிடும். மாறும் பொருள்கள் ஒன்றின் மேல் ஒன்று வரும்படி வைத்தால் இன்னும் நல்லது, மூடிய பெட்டியும் திறந்த பெட்டியும் ஒரே இடத்தில் இருப்பதுபோல. அப்புறம், வடிவமைப்பவர் போனில் அனுப்பும் அசையும் படத்தைப் பார்த்து ஓகே சொல்லிவிடாதீர்கள். திரையில் நிழல் விழவே விழாது. உண்மையான தகட்டில் அடித்த ப்ரூஃப் ஒன்றைக் கையில் வாங்கி, கடையில் அது நிற்கப்போகும் வெளிச்சத்திலேயே பாருங்கள்.

பர்மிய எழுத்து, தமிழ், ஆங்கிலம் மூணையும் ஒரே அட்டையில போடலாமா?

போடலாம், யாங்கோனுக்கு மிகவும் பொருத்தமான பயன்பாடும்கூட. மேலே சாய்த்தால் பர்மிய மொழி, கீழே சாய்த்தால் தமிழ். மூன்றாவதையும் சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் கோணம் குறையும், நிழலும் கூடும். அதனால் இரண்டு மொழி மாறட்டும், ஆங்கிலப் பெயரும் போன் நம்பரும் எல்லாக் கீற்றிலும் ஒரே மாதிரி அசையாமல் இருக்கட்டும் என்பேன்.

எழுத்தின் அளவில் கவனம் வேண்டும். படுக்கைக் கோட்டில், மேலிருந்து கீழாக ஓர் அங்குலத்துக்கு 75 லென்ஸ் என்றால் அவ்வளவுதான் நுணுக்கம். தமிழில் சிறிய எழுத்தில் புள்ளி கரைந்து 'க்' என்பது 'க' ஆகிவிடும். பர்மிய எழுத்தில் ஆபத்து இன்னும் அதிகம்: வட்டம் மேலே திறந்திருந்தால் 'ப', மூடியிருந்தால் 'வ'. அந்தச் சின்ன இடைவெளி அடைபட்டால் சொல்லே மாறிவிடும். மெல்லிய எழுத்துருவை விட்டுவிட்டு, தடித்த, நன்றாக இடம்விட்ட எழுத்தை எடுங்கள். கோட்டின் தடிமன் இரண்டு லென்ஸ் அகலமாவது இருக்கட்டும்.

பழைய கோப்புகளைக் கொண்டுவருகிறவர்களுக்கு இன்னொன்று. 2019 அக்டோபர் 1 முதல் நாடு கணினி எழுத்துக்கான பொதுத் தரமான யூனிகோடுக்கு மாறியது, ஆனால் அதோடு ஒத்துப்போகாத பழைய ஸாவ்ஜீ எழுத்துருவில் அடித்த பழைய விளம்பரங்கள் இன்னும் புழங்குகின்றன. வேறு கணினியில் திறந்தால் குறிகள் இடம் மாறிவிடும். எழுத்தை வடிவமாக மாற்றிய பிடிஎஃப் கொடுத்தால் இந்தக் கவலையே இல்லை.

கல்யாண வீடியோ முழுக்க ஒரே அட்டையில ஓட வைக்கலாமா?

முடியாது. பிரிண்டரின் டிபிஐயை, அதாவது ஓர் அங்குலத்தில் அது வைக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையை, எல்பிஐயால் வகுத்தால் ஒரு லென்ஸின் கீழ் அதிகபட்சம் எத்தனை கீற்று அடங்கும் என்று தெரியும். 720 டிபிஐ பிரிண்டர், 60 எல்பிஐ தகடு என்றால் 12. அது மேல் வரம்பு மட்டுமே, பத்துக்குள் நிறுத்தினால்தான் தெளிவு. மாலை மாற்றும் அந்த இரண்டு விநாடியை எடுத்து எட்டுச் சட்டகமாக்குங்கள், அழகாக வரும். முகூர்த்தம் முதல் விருந்து வரை திணித்தால் ஒன்றும் தெரியாது.

வைபர்ல ஒரு போட்டோ அனுப்புறேன், அதை 3டி ஆக்கித் தர முடியுமா?

வைபரில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி வருகிறது, அசல் கோப்பாக அனுப்புங்கள். ஒரே போட்டோவிலிருந்தும் ஆழம் கொண்டுவரலாம். முன்னால் இருப்பதைத் தனியாக வெட்டி, அதன் பின்னால் மறைந்திருந்த பகுதியை வரைந்து நிரப்பி, அடுக்கு அடுக்காக நகர்த்த வேண்டும். பொருளுக்கு இது சரியாக வரும். மனித முகத்துக்கு அவ்வளவாக வராது, அட்டையில் வெட்டி நிறுத்திய உருவம் போலத் தட்டையாக நிற்கும். உண்மையான ஆழம் வேண்டுமென்றால் கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தி வரிசையாக எடுக்க வேண்டும், அதுவரை பொருள் அசையக் கூடாது.

இங்கேயே அடிக்க முடியுமா? வெளியூருக்கு அனுப்பணுமா?

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தகட்டின் பின்பக்கத்திலேயே யூவி மையால் (புற ஊதா ஒளியில் உலரும் மை) நேராக அடிப்பது. படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி அடித்து, மேலே வெள்ளை மை பூச வேண்டும். பெரிய எண்ணிக்கைக்கு இதுதான் முறை, அதற்கான ஆப்செட் இயந்திரமும் பழகிய கையும் வேண்டும். இன்னொன்று, தனியாக அடித்துப் பசைத் தகட்டில் ஒட்டுவது. சிறிய எண்ணிக்கையும் பெரிய பலகையும் உள்ளூரிலேயே இப்படிச் செய்யலாம். லென்ஸ் தகடு மட்டும் வெளியிலிருந்து வர வேண்டும்.

எந்த வழியானாலும் 'பிட்ச் டெஸ்ட்' செய்யாத அச்சகத்தில் கொடுக்காதீர்கள். 75 என்று எழுதியிருக்கும் தகடு அச்சு அசலாக 75 இருக்காது, கட்டுக்குக் கட்டு வித்தியாசம் உண்டு. பத்து அங்குல அகலத்தில் 750 லென்ஸ். அச்சில் 751 கீற்றுத் தொகுதி விழுந்துவிட்டால் இடப்பக்கம் ஒரு படமும் வலப்பக்கம் இன்னொரு படமும் ஒரே சமயத்தில் தெரியும். அதனால் முதலில் பல அளவுகளில் கோடுகளை அடித்து, தகட்டை மேலே வைத்து, எது ஒரே சீராகக் கறுக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்க்கும் தூரம் மாறினாலும் இந்த எண் மாறும். ஒட்டுகிற வேலைக்குக் காகிதத்தைவிட பிளாஸ்டிக் ஃபிலிம் நல்லது. மழைக்காலத்தில் காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரியும், காலையில் பொருந்தியது மாலையில் பொருந்தாது.

நம்ம ஊர் மழைக்கும் வெயிலுக்கும் தாங்குமா?

தகடு நனைந்தால் கெடாது. ஆனால் நனைந்திருக்கும்வரை வேலை செய்யாது. லென்ஸ் பள்ளங்களில் தண்ணீர் நிரம்பினால் லென்ஸின் வளைவுக்கு மதிப்பில்லாமல் போய், எல்லாப் படமும் கலந்து தெரியும். மே முதல் அக்டோபர் வரை மழை கொட்டும் ஊரில் திறந்த வெளியில் வைக்காதீர்கள். கண்ணாடிக்குப் பின்னாலோ நல்ல தாழ்வாரத்திலோ வையுங்கள். அதே காரணத்தால் லென்ஸ் பக்கத்தில் லேமினேஷனோ விலை ஸ்டிக்கரோ ஒட்டவே கூடாது.

வெயில் நேராக அடித்தால் நிறம் வெளுக்கும். இந்தத் தகடுகளுக்குப் பயன்படும் பெட்ஜி என்ற பிளாஸ்டிக் 80 டிகிரி செல்சியஸ் அருகில் இளகத் தொடங்கும். ஏப்ரல் வெயிலில் மூடிய காரின் முன்கண்ணாடியோரம் வைத்தால் நெளிந்துவிடலாம். தூசியைத் துடைக்க மென்மையான ஈரத் துணி, கோட்டின் திசையிலேயே.

ஐந்நூறு அட்டைக்கு இவ்வளவா? ஆயிரம் அடிச்சா பாதியா வருமா?

ஓர் அட்டைக்கு ஆகும் விலை பாதியாக வராது, ஆனால் குறையும். படம் தயாரிப்பு, பிட்ச் டெஸ்ட், ப்ரூஃப் ஆகியவை நூறு அட்டைக்கும் பத்தாயிரத்துக்கும் ஒரே வேலை. தகடும் யூவி மையும் எண்ணிக்கைக்கு ஏற்ப கூடும். பணம் குறைவு என்றால் எண்ணிக்கையைக் குறைத்து, தூக்கி எறியாத பொருளாகச் செய்யுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளைகளுக்கு ஸ்கேல், தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியின் மூடி, வருடம் முழுக்கச் சுவரில் இருக்கும் காலண்டர்.

போலி சரக்கைத் தடுக்க இதை லேபிளா ஒட்டலாமா?

ஜெராக்ஸும் ஸ்கேனரும் இதை நகலெடுக்க முடியாது, அந்த அளவுக்கு உதவும். 2013-இல் வந்த அமெரிக்க 100 டாலர் நோட்டின் நீலப் பட்டை இதே குடும்பம்தான். சாய்த்தால் மணி உருவம் 100 ஆக மாறும். ஆனால் அதிலுள்ளவை கண்ணுக்குத் தெரியாத நுண் லென்ஸ்கள். கடையில் கிடைக்கும் 75 எல்பிஐ தகடு போலிக்காரனுக்கும் கிடைக்கும். இதை மட்டும் நம்பாதீர்கள்.

சாமி படம் மாறுற மாதிரி விளம்பரத்துல போடலாமா?

கோயில் கமிட்டி தன் திருவிழாவுக்கு முருகனும் வேலும் மாறும் அட்டை அடிப்பது வேறு. பூஜையறையில் வைத்துக்கொள்கிறார்கள், மரியாதையாக இருக்கிறது. கடை விளம்பரத்தில் சாமி மறைந்து சரக்கு வருவதுபோல் கேட்டால் நான் செய்வதில்லை.

புத்தர் உருவம் என்றால் எந்த யோசனையும் வேண்டாம், தொடவே கூடாது. 2014 டிசம்பரில் யாங்கோனில் ஒரு மதுக்கூடம் புத்தர் ஹெட்போன் மாட்டியதுபோல் விளம்பரம் வெளியிட்டது. 2015 மார்ச்சில் மூன்று பேருக்கு இரண்டரை ஆண்டு சிறை விதித்தார்கள். சட்டத்தைவிட முக்கியம், நாம் வாழும் ஊரின் நம்பிக்கை அது. அக்கம்பக்கத்தார் மனம் நோகும் ஒன்றை விளம்பரமாக்கக் கூடாது.

பழசான அட்டையைப் பாட்டிலோட சேர்த்துப் பழைய சாமான்காரர்கிட்ட போடலாமா?

சேர்க்காதீர்கள். பார்க்கப் பாட்டில் பிளாஸ்டிக் போலவே இருந்தாலும் பெட்ஜி முன்னதாக இளகி, பாட்டில் துகள்களோடு ஒட்டிக் கட்டியாகிவிடும். மையும் பசையும் வேறு இருக்கின்றன.

எதிர்க்கடைக்காரரும் நானும் செலவைப் பாதியாப் போட்டு, ஒரே பலகையில ரெண்டு கடை விளம்பரமும் மாறி மாறி வர வைக்கலாமா?

செலவு மிச்சம்தான், ஆனால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். நடந்து வருபவருக்கு முதலில் தெரிவது அவர் வரும் திசையைப் பொறுத்தது. மார்க்கெட்டிலிருந்து வருகிறவர்கள் ஒரு கடையையும், மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் மற்றதையும் முதலில் பார்ப்பார்கள். கூட்டம் எந்தப் பக்கமிருந்து அதிகம் வருகிறது என்று இருவரும் பேசி முடிவு செய்யாமல் தொடங்கினால் பின்னால் மனஸ்தாபம்தான்.

இரண்டு கடைக்கும் வேறு வேறு நிறம், வேறு வேறு படம் என்றால் மேலே சொன்ன நிழல் பிரச்சினை முழு அளவில் வரும். உங்கள் கடைப்பெயருக்குப் பின்னால் அவர் கடைப்பெயர் மங்கலாக நிற்கும். பொதுவான ஒரு பின்னணிக்கு இருவரும் சம்மதித்தால் அடித்துத் தரலாம். இரண்டு கடையும் ஒன்றுக்கொன்று துணையான சரக்கு விற்றால், உதாரணமாக ஒருவர் துணி, இன்னொருவர் தையல், வெறும் துணி சட்டையாக மாறும் ஒரே படமாகவே செய்துவிடலாம். பலகையை வெளியில் மாட்டுவதற்கு முன், நகர வளர்ச்சிக் குழுவிடம் வாங்க வேண்டிய அனுமதி யார் பெயரில் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.